எண்ணூரிலிருந்து நடந்து வந்த வாக்கியம்

"உள்ள இன்னா கீதுன்றது அப்பறம். மொதல்ல மூடிக்கீதா பாரு."

எங்களோடு வேலை பார்த்த அக்காவை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது இந்தக் குரல்தான். சாப்பாட்டு டப்பா, பேனா மூடி, தண்ணீர்க் குழாய், ஜன்னல் கொக்கி, அடுத்தவர் பேச்சு, எது திறந்து கிடந்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். கூட வேலை பார்க்கிற கஸ்தூரி தும்மல் வருகிற மாதிரி முகத்தைச் சுளித்துவிட்டுச் சும்மா இருந்தால்கூட, "தும்மிட்டு வேலய பாருடீ" என்று காத்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் முதலாளி எங்கள் மேல் எரிந்து விழுந்தார். "நீங்கள்லாம் இருந்து..." என்று ஆரம்பித்தவர், அதற்குமேல் வார்த்தை வராமல் கையை உதறிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அக்கா பின்னாலேயே ஓடினாள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவரை மடக்கி, "மொதலாளி, 'இருந்து'ன்னு நிறுத்திட்டீங்க. இன்னான்னு முடிச்சிட்டு போங்க. இல்லாட்டி இந்தப் பொண்ணுங்களுக்கு வேல ஓடாது" என்றாள். அவர் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றார். பிறகு, "நீங்கள்லாம் இருந்துதாம்மா நான் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதை அப்படியே மேலே கொண்டுவந்து எங்களிடம் ஒப்பித்தாள்.

நாங்கள் வேலை பார்த்த இடம் திருவொற்றியூரில் ஒரு மரக்கிடங்குக்கு மேலே இரண்டு அறை. மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று அடித்தால் கண் எரியும். கடல் காற்று அடித்தால் மிஷினில் துரு ஏறும். வெளிநாட்டுப் புத்தகக் கம்பெனி ஒன்றுக்கு அச்சுக் கோக்கிற வேலை. ஆனால் ஈய எழுத்து ஒன்றுகூட அங்கே கிடையாது. டைப்ரைட்டர் போன்ற மிஷினில் அடிப்போம். எழுத்து விழாது, காகித நாடாவில் ஓட்டை விழும். அந்த நாடாவைச் சுருட்டி விமானத் தபாலில் அனுப்பினால், அங்கே இருக்கிற பெரிய மிஷின் ஓட்டைகளைப் படித்து, வெளிச்சத்தால் படச்சுருளில் பக்கம் பக்கமாகப் பதித்துக்கொள்ளும்.

அந்த மிஷினுக்குக் கண் கிடையாது. எது தலைப்பு, எது பத்தி, எது அடிக்குறிப்பு என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் புத்தகத்தில் இருக்கிற எழுத்துகளோடு கூடவே கட்டளைகளும் அடிப்போம். இங்கே சாய்வெழுத்து தொடங்குகிறது, இங்கே முடிகிறது. இங்கே மேற்கோள் தொடங்குகிறது, இங்கே முடிகிறது. கஸ்தூரி ஒருமுறை சாய்வெழுத்தைத் திறந்துவிட்டு மூட மறந்துபோனாள். அந்த இடத்திலிருந்து மிச்சப் புத்தகம் முழுக்க, காற்றில் படுத்த சவுக்குத் தோப்பு மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்கள் கட்டளைகளுக்கு ஓர் இலக்கணம் எழுதித் தர முடியுமா? எதற்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் விதிகளாகக் கொடுத்தால், வருகிற நாடாவை மிஷினே சரிபார்த்துக்கொள்ளும். அக்காதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவள் ராயபுரம் கல்மண்டபத்துக்காரி. எங்களோடு சேர்வதற்கு முன்பு துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டெலிபிரிண்டர் அடித்தவள். ஓட்டை விழுந்த நாடாவை விரல் நுனியால் தடவியே படிப்பாள்.

பழுப்புக் காகிதத் தாள்களைச் சுவரில் ஒட்டி, விதிகளை முதலில் எங்களுக்காகத் தமிழில் எழுதினாள். நூல் என்பது ஒரு தலைப்பு, அதன்பின் அத்தியாயங்கள். அத்தியாயங்கள் என்பது ஒரே ஓர் அத்தியாயம். அல்லது ஓர் அத்தியாயமும் அதன்பின் அத்தியாயங்களும். அத்தியாயம் என்பது ஒரு தலைப்பு, அதன்பின் பத்திகள். பத்திக்குள் சாய்வெழுத்து வரலாம். சாய்வெழுத்துக்குள் பத்தி வரக்கூடாது. இப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் ஒற்றை எழுத்து வரைக்கும்.

கஸ்தூரி வியாசர்பாடிக்காரி, வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா இது? அத்தியாயங்கள்னா இன்னான்னு கேட்டா, ஒரு அத்தியாயமும் அத்தியாயங்களும்ன்ற? வூடு எங்க கீதுன்னா எங்க வூட்டாண்டன்ற மாதிரி கீது."

"மேல 'ஒரே ஓர் அத்தியாயம்'னு ஒரு வழி எழுதிக்கீறேன் பாரு. அதான் வெளிய வர்ற வழி. அது இருந்தா எவ்ளோ தூரம் வேணா சுத்தலாம், ஒருநா முடிஞ்சிடும். அது இல்லன்னா..." அக்கா பென்சிலால் காதைச் சொறிந்தாள். "அது இல்லன்னா மிஷினு உள்ள பூந்துட்டு திரும்பி வரவே வராது."

விதிகளைச் சோதிக்க ஒரு நாடா வேண்டியிருந்தது. அக்கா எங்களை மனம்போனபடி எழுத்துகளைத் தட்டச் சொல்லி, கட்டளைகளை மட்டும் விதிப்படி தானே அடித்தாள். சில வாரங்கள் கழித்து அங்கிருந்து படச்சுருள் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நடுவில் தலைப்பு, சீரான பத்திகள், கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு. கோயில் கோலம் மாதிரி அப்படி ஓர் அழகான பக்கம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கிடையாது.

"மிஷினுக்கு புரியத் தேவல்ல. பொருந்துனா போதும், ஏத்துக்கும்" என்றாள் அக்கா.

அந்த மழைக்காலத்தில்தான் அவள் வீட்டுக்காரர் காணாமல்போனார்.

அவர் பெயர் சவரிமுத்து. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகிற லாஞ்சுப் படகில் வேலை. காற்று எழும்பிய ஒருநாள் லாஞ்சு எண்ணூருக்கு நேரே கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் சிலர் நீந்திக் கரையேறினார்கள். சிலர் பிணமாக ஒதுங்கினார்கள். சவரிமுத்து மட்டும் இரண்டிலும் இல்லை. காசிமேட்டுக் கட்டுமரக்காரர்கள் பல நாள் தேடிவிட்டு வந்து, அவள் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்களாம்.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது கழுத்தில் சிலுவை கோத்த தாலி அப்படியே இருந்தது. தலையில் பூகூட இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மதியம் சாப்பிடுகிறபோது கஸ்தூரிதான் தாங்காமல் கேட்டாள்: "மாமாவ பத்தி எதுனா தெரிஞ்சிதாக்கா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "மொகத்துவாரத்தாண்ட கரயேறி, சட்டய புயிஞ்சி தோள்ல போட்டுகினு,"

அவ்வளவுதான். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

நல்ல சேதி ஏதோ வந்திருக்கிறது, துக்கத்தில் அவளால் முழுதாகச் சொல்ல முடியவில்லை என்று நினைத்தோம். மறுநாள் அதே நேரத்தில், யாரும் கேட்காமலே சொன்னாள்: "மணல்ல குந்தி, கால்ல குத்துன முள்ள புடுங்கி எறிஞ்சிட்டு,"

அடுத்த நாள்: "தென்னண்ட திரும்பி,"

எல்லாம் ஒரே வாக்கியம் என்று எனக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் எச்சம், முற்று என்று படித்திருக்கிறோம். 'வந்து', 'போய்', 'உட்கார்ந்து' என்பதெல்லாம் எச்சம். எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். 'வந்தான்', 'போனான்' என்று ஒரு முற்று விழுகிற வரைக்கும் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். அக்கா மற்ற எல்லாப் பேச்சையும் முற்றோடுதான் பேசினாள். பஸ் வந்தது, அரிசி விலை ஏறியது, சாமியார் பிரசங்கம் நீட்டிவிட்டார். வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது மட்டும் முற்று வராது. நேற்று விட்ட எச்சத்திலிருந்து இன்றைக்குத் தொடரும்.

வாக்கியத்துக்குள் அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். சில வாரங்கள் நகரவே மாட்டார். கத்திவாக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பீடி கேட்டு, நெருப்புக் கேட்டு, அணைந்து, மறுபடி நெருப்புக் கேட்டு என்று ஒரு வாரம் போயிற்று. சில நாள் ஒரே மூச்சில் ரயில் பாதையோரமாக நெடுந்தூரம் வந்துவிடுவார். கஸ்தூரி எண்ணூர்ப் பக்கத்து ஊர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"இன்னாடி எண்ற?"

"அடுத்தது எர்ணாவூரு. அதுக்கு அப்பறம் உங்க வூட்டுப் பக்கம்" என்றாள் என்னிடம். அவள் சிரிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் மாமியார் ஆபீஸ் படியேறி வந்தது. அக்கா தபாலாபீசுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தது. கறுப்புக்கரை வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தது.

"நீ சொன்னா கேப்பாம்மா. எம்புள்ள செத்துட்டான்னு சொல்ல எனக்கு ஆசையா? இத்தினி மாசமாச்சி. கல்லறத் திருநாளுக்கு ஊரே மெய்குத்திரி ஏத்திகினு நிக்கிது, நான் எந்தக் குயியாண்ட போயி நிக்கறது? அவன் ஆத்மாவுக்கு பூச வெக்கலாம்னு சாமியாரே சொல்றாரு. இவ ஒத்துக்க மாட்டேன்றா. தெனம் ராத்திரி தட்டு வெச்சி, சோறு போட்டு, மூடி வெக்கறா. காலைல அந்தச் சோத்த இவளே துன்றா."

"உங்ககிட்டயும் அந்த வாக்கியம் சொல்றாங்களா, ஆயா?"

கிழவி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தியது. "எந்த வாக்கியம்?"

அப்போதுதான் தெரிந்தது, அக்கா எங்களிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று சமாளித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் அக்கா சொன்னாள்: "ரோட்ட வுட்டு எறங்கி, பச்சக் கதவு வூட்ல தண்ணி கேட்டு, வாய் வெக்காம தூக்கிக் குடிச்சி, சொம்ப கவுத்து வெச்சிட்டு,"

பச்சைக் கதவு எங்கள் வீடு. பொங்கலுக்கு அக்கா ஒருமுறை வந்திருக்கிறாள். அதனால் தெரிந்து சொல்கிறாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் பித்தளைச் சொம்பு கவிழ்ந்திருந்தது.

"யாரும்மா வந்தது?"

"எவனோ வயிப்போக்கன். தண்ணி கேட்டான், குட்த்தேன்" என்றாள் அம்மா.

"எப்ப?"

"மத்தியானம். இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி வெளுத்துப் போவுது ஒனக்கு?"

ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டேன். அம்மா சரியாகப் பார்க்கவில்லை. தாடி, அழுக்குச் சட்டை, வெறுங்கால், அவ்வளவுதான் சொன்னாள். நெடுஞ்சாலையில் அப்படி நடக்கிறவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு நான் சொம்பைத் தொடவில்லை. அம்மாதான் திட்டிக்கொண்டே எடுத்து உள்ளே வைத்தாள்.

கஸ்தூரியிடம் சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது. அவள் நேராக அக்காவிடம் போய் அழுதாள். "அந்தாள எங்கினா நிறுத்துக்கா. பயமா கீதுக்கா."

"நான் இன்னா, கயிறு கட்டி இஸ்துகினா வரேன்?" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை.

நானும் சொன்னேன்: "வந்து சேர்ந்துட்டார்னு சொல்லி முடிச்சிடுக்கா. இல்லன்னா... இல்லன்னா அந்த இன்னொண்ணச் சொல்லி முடிச்சிடு. எப்டியாச்சும் முடிச்சிடு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த முற்று போடட்டும்? நீயே சொல்லு. இருக்கற முற்ற எல்லாம் எட்த்துப் பாத்துட்டேன். ஒண்ணுமே பொருந்தல. பொய்யா மூடுனா உள்ள கீறது வெளிய நின்னுடும். நீ இத்தினி வருசமா நாடா அடிக்கிற, ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்த முற்றுகளையெல்லாம் நானும் ஒவ்வொன்றாக மனதுக்குள் வைத்துப் பார்த்தேன்.

பிறகு அவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அதாவது, வாக்கியத்தில் வந்தார். முற்பகல், மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு வேளைகூட இல்லை. அக்கா அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "கீய மரக்கிடங்காண்ட நின்னு, அண்ணாந்து மேல பாத்து,"

ஒவ்வொரு மிஷினாக நின்றது. ஜன்னல் திறந்திருந்தது. எங்களில் ஒருத்தியும் எழுந்து போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தச் சதுர வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் மிஷின் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு லாரி. ஒரு மாடு. வேற யாருமில்லக்கா."

"தாண்டி," என்றாள் அக்கா. நாடாவைக் கிழித்துச் சுருட்டினாள்.

அன்று முதல் கஸ்தூரி ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்று இடம் மாற்றிக்கொண்டாள். அக்காவின் வேலையில் மட்டும் ஒரு பிசகு கிடையாது. இலக்கணம் முழுவதையும் அவள் முடித்து, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க, முதலாளி தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். அங்கே மிஷினில் ஏற்றிவிட்டார்கள், நன்றாக ஓடுகிறது என்று பதில் வந்தது. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அக்கா தன் பங்கைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை போயிற்று. காசிமேடு போயிற்று. தெருக்கள் குறுகின. குழாயடி, சைக்கிள் கடை, மாதா சிலை வைத்த கெபி என்று அக்கா தெருவில் இருக்கிற ஒவ்வொன்றும் வந்தது. "சந்துல திரும்பி," என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை அக்கா வந்தபோது புதுப் புடவை கட்டியிருந்தாள். மதியம் டப்பாவைத் திறந்தாள். வஞ்சிர மீன் வாசனை அறை முழுக்க அடித்தது. நாங்கள் யாரும் எங்கள் டப்பாவைத் திறக்கவில்லை.

"வாசல்ல நின்னு தண்ணி கேட்டு, உள்ள வந்து, கால கய்வி, மூஞ்சி கய்வி, நடுவூட்ல குந்தி, தட்ட தன் பக்கம் இஸ்து, சோத்த பெசஞ்சி, மீன முள்ளு பாத்து எட்த்து வெச்சி," அக்கா ஒரு வாய்ச் சோறு எடுத்து மென்று விழுங்கினாள். பிறகு சொன்னாள்:

"சாப்ட்டாரு."

அவள் வாயிலிருந்து அவருக்கு வந்த முதல் முற்று அது. கஸ்தூரி என் தோளை இறுகப் பிடித்தாள்.

"எப்பக்கா?" என்றேன்.

"சனிக்கெயம. ஞாயித்துக்கெயம வாயேன், நீயும் சாப்டலாம்."

நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பூசை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்த வேளை. கல்மண்டபத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது காலை எட்டிவைக்கவே பயமாக இருந்தது. கதவு திறந்திருந்தது. நடுவீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து முறம் பின்னிக்கொண்டிருந்தார். தாடி மழித்த முகம், துவைத்த சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

சுவரில் அக்காவின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. படத்தில் இருந்தவருக்கு அகன்ற நெற்றி, நீண்ட மூக்கு, நல்ல உயரம். இவர் குள்ளம். முடி புருவத்துக்கு மேலேயே தொடங்கிவிட்டது. மூக்கு சப்பை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வேறு ஆள்.

"ரொம்ப மெலிஞ்சிட்டாரு, இல்ல?" என்றாள் அக்கா, என் பக்கத்தில் வந்து நின்று. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஆமாக்கா" என்றேன்.

சாப்பிட்டோம். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அக்கா குழம்பை ஊற்றும்போது, போதும் என்று கையால் தடுத்தார். அவள் கேட்காமல் ஊற்றினாள். அடுப்படிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது மாமியார் கிழவி அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது.

"ஆயா..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றது கிழவி. "பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சும்மா இருக்கீங்க?"

"அவ சிரிக்கறா, பாத்தல்ல? இவனும் பசியோட வந்தவன். நல்லவனாதான் கீறான். இருந்துட்டு போட்டும்." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் தணிந்த குரலில் சொன்னது: "எம்புள்ளைக்கு நான் தனியா போயி பூச வெச்சிட்டேன். சாமியாருக்கும் எனக்கும்தான் தெரியும். அவகிட்ட சொல்லிடாத."

நான் கிளம்பினேன். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வுட்டுட்டு வாங்க" என்று அக்கா அவரை அனுப்பினாள். சந்து முனை வரைக்கும் அவர் எனக்கு இரண்டடி பின்னாலேயே வந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. குழாயடி தாண்டி ரோட்டுக்கு வந்ததும் அவராகவே பேசினார்.

"நீங்க படிச்சவங்க. போலீசுக்கு எதுனா சொல்லணும்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் ஏமாத்தி உள்ள பூரல."

"எந்த ஊர் உங்களுக்கு?"

"எண்ணூரு. அங்க வூடு கீது. பொண்டாட்டி, ஒரு பொண்ணு. லாரில கிளீனரா ஆந்திரா பக்கம் போனேன். அங்க காமால வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன். காயிதம் போட எயுதத் தெரியாது. ரொம்ப நாள் கயிச்சி திரும்பி வந்து பாத்தா, வாசல்லருந்தே தெரியுது, செவுத்துல என் போட்டோ. மால போட்டு வெளக்கு வெச்சிகீறாங்க. கருமாதி எல்லாம் பண்ணி முடிச்சிட்டாங்க எனக்கு."

"உள்ளே போகலையா?"

"எல்லாம் அய்து ஓஞ்சி, பொண்ணு வெளிய நல்லா வெளாடிகினு இருந்திச்சி. நான் போயி நின்னா யாருக்கு இன்னான்னு சொல்றது? அப்டியே திரும்பி நடந்துட்டேன். அங்கங்க தங்கி, கூலி செஞ்சி, எங்க போறதுன்னு தெரியாம நடந்துகினே இருந்தேன். இந்தச் சந்துல வந்து தண்ணிதான் கேட்டேம்மா. இவுங்க எட்டிப் பாத்துட்டு, 'இவ்ளோ நேரமா?'ன்னாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"எனக்காக யாரோ சோறு வெச்சிகினு காத்துனு இருந்த மாதிரி கேட்டாங்கம்மா. வேற ஆளுன்னு சொல்ல வாய் வரல."

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "உங்க பேர் என்ன?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் சந்துக்குள்ளிருந்து கிழவியின் குரல் வந்தது.

"சவரீ! கொடம் ரெண்டும் காலியா கீதுடா. தண்ணி நிக்கப் போவுது!"

"தோ வரேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பி நடந்தார். குழாயடியில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் சவரிமுத்துவைத் தெரிந்தவர்கள்தான். இவரைப் பார்த்ததும் ஆளுக்கு ஓர் அடி தள்ளி நின்று வரிசையில் அவருக்கு இடம் விட்டார்கள்.